மேல்முறையீட்டுக் கெடு தாண்டிவிட்டது, இனி என்ன செய்வது? (தென்னாப்பிரிக்கா)

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தான் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை நடத்துகிறார். கட்டட உரிமையாளர் போட்ட வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கடையைக் காலி செய்ய வேண்டும், வாடகை பாக்கியையும் கட்ட வேண்டும். அடுத்த வாரமே அப்பீல் போடும்படி அட்டர்னியிடம் (வழக்கை நடத்தும் வக்கீல்) சொல்லியிருக்கிறார். முன்பணம் கேட்டார்கள், ஏப்ரல் 30 அன்று கட்டினார். அதன்பின் அங்கிருந்து பேச்சு மூச்சில்லை. மே 22 அன்று இவராகப் போன் செய்தபோது, "கெடு போய்விட்டது, பரவாயில்லை, காண்டொனேஷன் போட்டுக்கொள்ளலாம், எல்லாருக்கும் கிடைக்கிறதுதான்" என்று பதில் வந்திருக்கிறது. இன்று ஜூன் 2. இன்னும் ஒரு தாள் கூடத் தாக்கலாகவில்லை. காண்டொனேஷன், அதாவது கெடு தாண்டியதைக் கோர்ட் மன்னிப்பது, நிச்சயம் கிடைக்குமா, அதற்குள் ஷெரிஃப் (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி) வந்து கடையைப் பூட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

நிச்சயம் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஆனால் கை நழுவியும் போகவில்லை. கெடு தாண்டியதை விட, தாண்டியது தெரிந்த பிறகு சும்மா இருந்ததுதான் உங்கள் வழக்கைக் கெடுக்கப் போகிறது. அது மே 22 அன்று தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷெரிஃப் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கெடு எந்த நாள் என்று பார்ப்போம். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக நேராக வழியில்லை. முதலில் அனுமதி கேட்க வேண்டும். உயர் நீதிமன்ற விதி 49-ன்படி அந்த மனுவை 15 நாளுக்குள் போட வேண்டும். இந்த 15 நாள் கோர்ட் நாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் சேராது, தீர்ப்பு வந்த நாளும் சேராது. உங்கள் விஷயத்தில் ஏப்ரல் 14 முதல் நாள். 18 புனித வெள்ளி, 21 குடும்ப தினம், இரண்டும் போயின. 27 சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் 28 திங்கள் விடுமுறை. மே 1 தொழிலாளர் தினம். இவற்றையெல்லாம் தள்ளி எண்ணினால் பதினைந்தாவது நாள் மே 8, வியாழக்கிழமை. அதாவது உங்கள் அத்தான் ஏப்ரல் 30 அன்று பணம் கட்டியபோது இன்னும் ஐந்து கோர்ட் நாள் மிச்சம் இருந்தது. இதைக் குறித்து வையுங்கள், பிறகு உதவும்.

நம் ஆட்கள் இந்த எண்ணிக்கையில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று தீபாவளி. டர்பனே பட்டாசில் அதிர்ந்தாலும் தென்னாப்பிரிக்காவில் தீபாவளி அரசு விடுமுறை அல்ல, அன்றைய தினமும் ஒரு கோர்ட் நாள்தான். தைப்பூசக் காவடிக்கும் அதே கதை. புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் நிற்கும் கூட்டத்துக்கு மட்டும் காலண்டர் தானாகச் சலுகை தருகிறது. இரண்டாவது டிசம்பர். டிசம்பர் 16 முதல் ஜனவரி 15 வரை நாள் ஓடாது என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை சம்மன் வழக்கில் இரு தரப்பும் தங்கள் வாதத்தை எழுதித் தரும் பிளீடிங்குக்கு உரியது. அப்பீல் அனுமதி மனுவுக்கு அதை நம்பி உட்காரக் கூடாது. கோர்ட் விடுமுறையில் இருந்தாலும் பதிவாளர் அலுவலகம் திறந்திருக்கும்.

தீர்ப்பு மின்னஞ்சலில் வந்திருந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எந்த நாள் வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அங்கே எழுதியிருக்கும். நீங்கள் எப்போது மெயிலைத் திறந்தீர்கள் என்பது கணக்கில் வராது. நீதிபதி அன்று உத்தரவை மட்டும் சொல்லிவிட்டுக் காரணங்களைப் பின்னால் தந்திருந்தால், காரணம் வந்த நாளிலிருந்து 15 நாள் எண்ணலாம். உங்கள் கேள்வியைப் பார்த்தால் காரணமும் அன்றே வந்ததுபோல் தெரிகிறது. ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேறு தேதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இப்போது ஷெரிஃப். தென்னாப்பிரிக்காவின் 2013-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றங்கள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அப்பீலோ அப்பீல் அனுமதி மனுவோ நிலுவையில் இருக்கும்வரை தீர்ப்பை நிறைவேற்றுவது தானாக நிற்கும் என்கிறது. எல்லோரும் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே பிரிவு, விதிகளின்படி பதிவாளரிடம் மனு தாக்கலான பிறகுதான் அது நிலுவையில் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. கெடு தாண்டிப் போட்ட மனு விதிப்படி போட்ட மனு இல்லை. காண்டொனேஷன் கிடைக்கும்வரை தீர்ப்பு நிற்காது என்றே உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இன்றைய நிலையில் உங்கள் தரப்பில் மனுவே இல்லை. ஆக கட்டட உரிமையாளர் ரிட் (தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் கோர்ட் ஆணை) வாங்கி ஷெரிஃபிடம் கொடுத்தால் தடுக்க எதுவும் இல்லை. குடியிருக்கும் வீடாக இருந்தால் வெளியேற்றத்துக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கடைக்கு அது கிடையாது.

இதற்கு வழி விதி 45ஏ. ஓர் உத்தரவை நிறைவேற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அது நீதிமன்றத்துக்குத் தருகிறது. ரிட் வந்துவிட்டாலோ வரப்போகிறது என்று தெரிந்தாலோ காண்டொனேஷன் மனுவோடு இதையும் அவசர மனுவாகப் போட வேண்டும். அதற்கு முன் எதிர்த்தரப்பு அட்டர்னிக்கு ஒரு கடிதம் போகட்டும். இந்தத் தேதிக்குள் காண்டொனேஷன் மனு தாக்கல் செய்கிறோம், அதுவரை ரிட்டை நிறுத்திவைப்பீர்களா, இடைக்காலத்தில் மாத வாடகையைத் தவறாமல் கட்டுகிறோம் அல்லது அட்டர்னியின் டிரஸ்ட் கணக்கில் போட்டு வைக்கிறோம் என்று எழுதலாம். ஒப்புக்கொண்டால் நல்லது. மறுத்தாலும் அந்தக் கடிதம் பிறகு நீதிபதி முன் உங்கள் பக்கம் பேசும். தாமதத்தால் எதிர்த்தரப்புக்கு என்ன நஷ்டம் என்று நீதிபதி கட்டாயம் பார்ப்பார். மாதா மாதம் வாடகை வந்துகொண்டிருந்தால் அந்த நஷ்டம் பாதியாகக் குறையும்.

காண்டொனேஷனுக்கு வருவோம். கெடுவை நீட்டும் அதிகாரம் விதி 49-லேயே இருக்கிறது. தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எது தகுந்த காரணம் என்பதை 1962-இல் மெலேன் எதிர் சாண்டாம் இன்ஷூரன்ஸ் வழக்கில் அப்பீல் நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. அறுபது வருடம் தாண்டியும் எல்லா நீதிபதிகளும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எவ்வளவு தாமதம், அதற்கு என்ன விளக்கம், அப்பீல் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு, வழக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்கிறார்கள். இவற்றைத் தனித்தனியாக எடைபோடுவதில்லை. தாமதம் சின்னதாகவும் விளக்கம் நல்லதாகவும் இருந்தால், வெற்றி வாய்ப்பு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் தாங்கும். வாய்ப்பு பலமாகவும் வழக்கு முக்கியமானதாகவும் இருந்தால் நீண்ட தாமதத்தையும் தாங்கலாம். பின்னால் வந்த அரசியலமைப்பு நீதிமன்றம் இவை எல்லாவற்றையும் நீதியின் நலன் என்ற ஒரே கேள்விக்குள் அடக்கிவிட்டது.

தமிழ்நாட்டுக் கோர்ட் பழக்கத்தில் வந்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அங்கே லிமிடேஷன் (காலவரம்பு) சட்டம் 5-ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடுவது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. 1987-இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்பதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் நொடிக்கும் ஏன் கேட்கவில்லை என்று கீழ்க் கோர்ட்டுகளையே கேட்டது. அந்தத் தாராளத்தை மனசில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள். 2004-இல் தீர்ப்புத் தொகுப்பில் வந்த யூட்டன்ஹேக் நகரசபை வழக்கில் புளூம்ஃபொன்டெய்னில் உள்ள உச்ச அப்பீல் நீதிமன்றம், காண்டொனேஷன் கேட்டதும் கிடைக்கும் பொருளல்ல என்றது. காரணங்களை முழுமையாக, விவரமாக, துல்லியமாகச் சொல்ல வேண்டும், ஏதாவது தடை இருந்தது என்றால் அது எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு நாள் நீடித்தது, எந்த அளவுக்குத் தடுத்தது என்று எழுத வேண்டும் என்றும் சொன்னது. 2007-இல் வான் வைக் எதிர் யூனிடாஸ் மருத்துவமனை வழக்கில் 11 மாதத் தாமதம். விளக்கம் முழுக் காலத்தையும் மூட வேண்டும் என்று சொல்லி அரசியலமைப்பு நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2013-இல் குரூட்பூம் வழக்கில் தாமதமாக வந்தது அரசுத் தரப்பு. அரசு என்பதற்காகச் சலுகை கிடைக்கவில்லை, அவர்களுக்கும் மறுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு அதிகம் பொருந்துவது அட்டர்னி செய்த தவறைக் காட்டித் தப்பிக்க முடியுமா என்ற கேள்வி. இதற்கு 1965-இல் வந்த சலூஜி வழக்கைப் படித்துப் பாருங்கள். சமூக மேம்பாட்டு அமைச்சருக்கு எதிராகப் போட்ட வழக்கு அது. அந்தப் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்து இந்தியர்களை வீட்டை விட்டுத் தூக்கியெறிந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் வேலை அந்தத் துறை வழியாகத்தான் நடந்தது. வழக்குப் போட்டவர்களும் நம்மவர்களே. தலைமை நீதிபதி ஸ்டெய்ன் அதில் சொன்னதைச் சுருக்கினால்: அட்டர்னியின் அசட்டையைக் காட்டி ஒருவர் தப்பித்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த அட்டர்னியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். கெடு போய்விட்டது, காண்டொனேஷன் வேண்டும் என்று தெரிந்த பிறகும் எல்லாவற்றையும் அட்டர்னி தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

அந்தக் காலத்து அரசியல் எப்படி இருந்தாலும் அந்த விதி இன்றும் எல்லா நீதிபதிகளின் வாயிலும் இருக்கிறது. அதை வைத்து உங்கள் அத்தானின் காலத்தை வெட்டிப் பார்ப்போம்.

ஏப்ரல் 11 முதல் மே 8 வரை தாமதம் இல்லை, கெடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த நாட்களில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரமே அப்பீல் போடச் சொன்னார், கெடு முடிவதற்கு ஐந்து கோர்ட் நாள் முன்பே பணமும் கட்டிவிட்டார் என்பது பலமான பதில். வாய்மொழியாகச் சொன்னாரா, வாட்ஸ்அப்பில் சொன்னாரா? வாட்ஸ்அப் என்றால் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். பணம் கட்டிய வங்கி ரசீதும் வேண்டும்.

மே 8 முதல் 22 வரை கெடு போனது அவருக்குத் தெரியாது. சட்டம் தெரியாத கடைக்காரர், அட்டர்னி கவனித்துக்கொள்வார் என்று நம்பினார். இரண்டு வாரத்துக்கு இதை நீதிபதி ஏற்பார் என்றே நினைக்கிறேன். இடையில் போனாவது செய்தார், ஒரு தடவையாவது அலுவலகத்துக்குப் போனார் என்று காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. வழக்கை ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் ஒரு வார்த்தை கூடக் கேட்காதவரை நம்பி ஏமாந்தவர் என்று சொல்லக் கோர்ட் தயங்கும்.

மே 22 முதல் இன்று வரை ஏழு கோர்ட் நாள். இங்குதான் ஓட்டை. தெரிந்துவிட்டது, வேண்டிய மனு எது என்றும் அட்டர்னியே சொல்லிவிட்டார், பிறகு எதற்குக் காத்திருந்தார்? 1998-இல் தீர்ப்புத் தொகுப்பில் வந்த டாரிஸ் வழக்கில், விதி மீறியது தெரிந்த உடனேயே தாமதமில்லாமல் காண்டொனேஷன் கேட்க வேண்டும் என்று சொன்னது மட்டுமல்ல, மீறல் அப்பட்டமாகவும் மோசமாகவும் இருந்தால் அப்பீல் எவ்வளவு பலமாக இருந்தாலும் கதவு திறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். இந்த ஏழு நாளை இனி மாற்ற முடியாது. எட்டு, பத்து, இருபது ஆகாமல் தடுக்கலாம். வேறு அட்டர்னியைத் தேடினார், பணம் புரட்டினார் என்பது உண்மையானால் யாரைப் பார்த்தார், எந்தத் தேதி, என்ன பதில் என்று எழுதலாம். உண்மை இல்லாததை எழுத வேண்டாம். அஃபிடவிட்டில் (சத்தியம் செய்து தரும் வாக்குமூலத் தாள்) ஒரு பொய் பிடிபட்டால் மீதி உண்மையெல்லாம் அதோடு போகும்.

அஃபிடவிட் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். "நிதி நெருக்கடி காரணமாக உரிய காலத்தில் மனு செய்ய இயலவில்லை" என்று ஒரு வரி எழுதினால் அது காகிதத்துக்குக் கேடு. எவ்வளவு கேட்டார்கள், கையில் எவ்வளவு இருந்தது, யாரிடம் கடன் கேட்டார், எப்போது கிடைத்தது என்று எழுத வேண்டும். அரசின் சட்ட உதவி அமைப்புக்குப் போயிருந்தால் எந்தத் தேதியில் விண்ணப்பித்தார், எப்போது பதில் வந்தது என்று அவர்களுடைய கடிதத்தோடு சேர்க்க வேண்டும். வீட்டில் துக்கம் என்றால் இறப்புச் சான்றிதழை வையுங்கள். டர்பன் நீதிபதிகளுக்குப் பதினாறாம் நாள் காரியம் பற்றித் தெரியாமலில்லை, அதை மதிக்கவும் செய்வார்கள். ஆனால் பதினாறாம் நாள் முடிந்த பிறகு இன்னொரு மாதம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்கும் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கும் பிறகு குவாசூலு-நடால் முழுக்க எல்லோருக்குமே உண்மையான தடை இருந்தது. ஆனாலும் ஏப்ரலில் ஆபீசுக்குள் தண்ணீர் வந்தது என்பது ஜூலையில் சும்மா இருந்ததற்குக் காரணமாகாது.

தவறு செய்த அட்டர்னியின் அஃபிடவிட்டும் வேண்டும். என் அலுவலகத்தில் இந்தக் காரணத்தால் கெடு தவறியது என்று அவரே சொன்னால் உங்கள் அத்தான் பத்துப் பக்கம் எழுதுவதை விட அதற்கு மதிப்பு அதிகம். சில அட்டர்னிகள் நேர்மையாகக் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் போட மாட்டார்கள். மறுத்தால், கேட்டு எழுதிய மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் (அல்லது பதில் வராததையும்) இணைத்துவிடுங்கள். அந்த அட்டர்னி மீது தவறு என்று எழுதப்போகும் மனுவை அவரே தயாரிக்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை யாருக்கும் உண்டு, வரிகள் அந்தப் பக்கமாக மங்கிவிடும்.

அடுத்தது வெற்றி வாய்ப்பு. தாமதத்தை விளக்கிவிட்டால் போதும் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்த மனு தீர்ப்பு எழுதிய அதே நீதிபதி முன்தான் போகும் என்பதை மறக்காதீர்கள். அவர் இல்லாவிட்டால்தான் வேறு நீதிபதி. காண்டொனேஷனும் அப்பீல் அனுமதியும் பெரும்பாலும் ஒன்றாகவே விசாரணைக்கு வரும். மேலே சொன்ன 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி அப்பீல் ஜெயிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் அல்லது அப்பீலைக் கேட்டே ஆக வேண்டிய வேறு கட்டாயக் காரணம் இருக்க வேண்டும். தீர்ப்பு முழுவதும் தவறு என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். குத்தகை ஒப்பந்தத்தில் புதுப்பிக்கும் ஷரத்து இருந்தது, தீர்ப்பு அதைத் தொடவே இல்லை என்பது போன்ற ஒன்றிரண்டு இடத்தைப் பிடியுங்கள். யார் சொல்வதை நம்புவது என்பதில் சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் முடிவை அப்பீல் கோர்ட் லேசில் தொடாது. ஒப்பந்தத்தின் பொருள், சட்டக் கேள்வி, கணக்கில் வந்த பிழை, இவற்றில் வாய்ப்பு அதிகம். உங்கள் வழக்கின் தாள்களை நான் பார்க்கவில்லை, அதனால் இதற்கு மேல் சொல்வது நியாயமில்லை. ஆனால் வாடகை பாக்கி உண்மையிலேயே இருந்து, அதற்கு எதிர்வாதமும் இல்லை என்றால், காண்டொனேஷனுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கட்டட உரிமையாளரோடு தவணை பேசச் செலவழிப்பது புத்திசாலித்தனம். அட்டர்னி இதைச் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. மன்னிப்புக் கேட்பவர் நீங்கள் என்பதால் காண்டொனேஷன் கிடைத்தாலும் அந்த மனுவின் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். எதிர்த்தரப்பு வீம்புக்காக எதிர்த்தது என்று நீதிபதி நினைத்தால் மட்டும் மாறலாம். எதிர்த்தரப்பு சம்மதித்துவிட்டால் காண்டொனேஷன் தேவையில்லை என்றும் நினைக்காதீர்கள். சம்மதம் உதவும், கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. கடை பிரைவேட் கம்பெனி பெயரில் இருந்தால் உங்கள் அத்தான் தானே மனு எழுதி உயர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது, பொதுவாக வழக்கறிஞர் வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பதும் தவறு, அதன்பிறகு வரும் கெடுக்கள்தான் அதிகம் பேரைச் சாய்க்கின்றன. மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வுக்குப் போகிறது என்றால் அனுமதி கிடைத்ததிலிருந்து 20 நாளுக்குள் அப்பீல் அறிவிப்பு, அதிலிருந்து 60 நாளுக்குள் விசாரணைத் தேதிக்கான விண்ணப்பம். விண்ணப்பிக்காவிட்டால் எதிர்த்தரப்பு அடுத்த 10 நாளில் கேட்கலாம், அவர்களும் கேட்காவிட்டால் அப்பீல் காலாவதி. புளூம்ஃபொன்டெய்னுக்குப் போனால் ஒரு மாதத்தில் அப்பீல் அறிவிப்பு, அதிலிருந்து மூன்று மாதத்தில் வழக்குப் பதிவேடு (கீழ்க் கோர்ட்டில் நடந்ததன் தாள் தொகுப்பு). பதிவேட்டில்தான் வண்டி மாட்டிக்கொள்ளும். விசாரணையின் ஒலிப்பதிவைத் தட்டச்சுச் செய்யத் தனியார் நிறுவனத்துக்கு நீங்கள் ஆர்டர் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும், சில நேரம் ஒலிப்பதிவே காணாமல் போயிருக்கும். எதிர்த்தரப்பு எழுத்தில் சம்மதித்தால் பதிவேட்டுக் கெடுவை முன்கூட்டியே நீட்டிக்கொள்ளலாம். கெடு முடியும் முன் கேட்டவர் கால அவகாசம் கேட்கிறார், முடிந்தபின் கேட்பவர் செத்த அப்பீலுக்கு உயிர் கொடுக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் அஃபிடவிட்டின் கனமே வேறு.

உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தால் உச்ச அப்பீல் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனு. இந்த ஒரு மாதம் காலண்டர் மாதம், கோர்ட் நாள் கணக்கு இங்கே செல்லாது. அந்த மனுவை நீதிபதிகள் காகிதத்திலேயே பார்த்து முடிவு செய்வார்கள். அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு மீண்டும் 15 கோர்ட் நாள்.

மற்ற கோர்ட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு ஓட்டம். சாட்ஸ்வொர்த், வெருலம் மாதிரி மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சிவில் தீர்ப்பு என்றால் அனுமதி வேண்டாம். 20 கோர்ட் நாளுக்குள் அப்பீல் அறிவிப்புக் கொடுக்கலாம். 10 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கேட்டிருந்தால் அது கைக்கு வந்ததிலிருந்து 20 நாள். கிரிமினல் வழக்கில் தண்டனை வந்து 14 நாளுக்குள் அனுமதி கேட்க வேண்டும், இதைக் காலண்டர் நாளாகவே எண்ணுங்கள். மறுத்தால் 21 நாளில் மேலே மனு. ஆள் ஆஜராகாமலேயே தீர்ப்பு வந்திருந்தால் அப்பீல் சரியான வழியே இல்லை, தீர்ப்பை ரத்துச் செய்யச் சொல்லி அதே கோர்ட்டில் மனுப் போட வேண்டும். தெரியவந்த நாளிலிருந்து 20 நாள். இது தெரியாமல் அப்பீலுக்காக மாதக்கணக்கில் ஓடியவர்கள் பலர். வேலை நீக்கம் என்றால் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்கு 30 நாள், அங்கே வந்த தீர்ப்பைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் மறுபரிசீலனைக்குக் கொண்டுபோக ஆறு வாரம். விசா மறுப்பு என்றால் 10 வேலை நாள். இந்தியாவிலிருந்து வந்த சமையல்காரர்களும் அர்ச்சகர்களும் வழிகாட்ட ஆளில்லாமல் இதில்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் மன்னிப்புக் கேட்க வழி உண்டு. வழியே இல்லாதது உரிமைக் காலாவதி, அதாவது வழக்குப் போடும் உரிமையே காலம் கடந்து போவது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் மூன்று வருடம், அதை நீட்ட எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. உங்கள் அட்டர்னியின் அசட்டையால் அப்பீல் செத்துப்போனால், அவர் மீது நஷ்ட ஈடு கேட்கும் உரிமைக்கும் இதே மூன்று வருடம்தான். நடத்தை பற்றிய புகார் சட்டத் தொழில் கவுன்சிலுக்குப் போகும். ஆனால் புகார் கடிதம் எழுதுவதை இந்த வாரத்து வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வாரத்து வேலை வேறு. நாளைக் காலையில் அத்தானை அழைத்துக்கொண்டு வேறு அட்டர்னியைப் பாருங்கள். தீர்ப்பின் நகல், குத்தகை ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், ஏப்ரல் 11 முதல் இன்றுவரை தேதிவாரியாக அவர் கைப்பட எழுதிய ஒரு தாள் கையில் இருக்கட்டும். தமிழில் எழுதினாலும் சரி, நீங்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கான கடிதம் நாளைக்கே போகட்டும். மனு இந்த வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அஃபிடவிட்டில் போலீஸ் ஸ்டேஷனிலேயே காசில்லாமல் சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம். பழைய அட்டர்னி, பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் ஃபைலைத் தருவேன் என்று பிடித்துவைக்கக் கூடும், அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. அதற்காக ஒரு நாள் கூடக் காத்திருக்க வேண்டாம். புது அட்டர்னி கோர்ட்டில் பதிவாளரிடம் இருக்கும் ஃபைலிலிருந்தே தாள்களை நகல் எடுத்துக்கொள்ளலாம்.